மேடையை அப்புறம் பார்க்கலாம், முதலில் பந்திக் கூடத்தைப் பாருங்கள்

மயிலாடுதுறையில் ஒரு கல்யாண மண்டபத்தின் அலுவலக அறையில் 24 வருடம் உட்கார்ந்து தேதிப் புத்தகமும் வரவு செலவும் எழுதியவள் நான். அப்பா கல்யாணச் சமையல்காரர். அண்டாவும் ஜல்லிக்கரண்டியும் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கும். மண்டபம் பிடிப்பது பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் அறிவித்திருந்தார்கள். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ரிசப்ஷனைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்து, ஆறுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மகளுக்குத் தை கடைசியில் கல்யாணம். முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம், இரண்டும் ஒரே மண்டபத்தில். கும்பகோணத்தில் இரண்டு மண்டபம் பார்த்தோம். ஒன்று பைபாஸ் ரோட்டில் புதிதாகக் கட்டிய ஏ.சி. மண்டபம், வாடகை 1,60,000 ரூபாய், சாப்பாட்டுக் கூடத்தில் 120 பேர் உட்காரலாம். இன்னொன்று ஊருக்குள் இருக்கும் பழைய மண்டபம், ஏ.சி. கிடையாது, வாடகை 70,000, ஒரே நேரத்தில் 250 பேர் சாப்பிடலாம். ரிசப்ஷனுக்கு 800 பேர் வருவார்கள். நகை, துணி போக 6 லட்சத்துக்குள் முடிக்க வேண்டும். மகளுக்கு ஏ.சி. மண்டபம்தான் பிடித்திருக்கிறது. என்ன செய்வது அம்மா?
- ஒரு வாசகி, பாபநாசம்

மண்டபம் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் நேராக மேடைக்குப் போவார்கள். மேலே விளக்கைப் பார்ப்பார்கள், ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். சாப்பாட்டுக் கூடத்தை வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வாடகை பேச வந்துவிடுவார்கள். நீங்கள் இரண்டு கூடத்திலும் எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அதற்காகவே உங்கள் கடிதத்தை முதலில் எடுத்துக்கொண்டேன்.

ஒரு பந்தி என்பது இலை போட்டு, பரிமாறி, சாப்பிட்டு, இலை எடுத்து, மேசை துடைத்து, அடுத்தவர் உட்காரும் வரைக்கும் சேர்த்து ஏறத்தாழ 40 நிமிடம். ரிசப்ஷனில் அதைவிடக் குறைத்து நான் பார்த்ததில்லை. 120 பேர் உட்காரும் கூடத்தில் 800 பேர் சாப்பிட 7 பந்தி வேண்டும். 280 நிமிடம். ஏழு மணிக்கு முதல் பந்தி போட்டால் கடைசிப் பந்தி எழுந்திருக்க இரவு பதினொன்றே முக்கால் ஆகிவிடும். 250 பேர் கூடத்தில் 4 பந்தி, 160 நிமிடம். பத்து மணிக்குள் பாத்திரம் கழுவப் போய்விடலாம்.

பதினொன்றே முக்கால் என்றால் என்ன நடக்கும் என்று பல முறை பார்த்துவிட்டேன். எட்டு மணிக்கு மேல் சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் இன்னொருவர் வந்து நின்றுவிடுவார். உட்கார்ந்திருப்பவர் ரசத்தோடு எழுந்துவிடுவார். நிற்பவருக்கும் கூச்சம், சாப்பிடுகிறவருக்கும் கூச்சம். கிராமத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் டவுன் பஸ் கிடையாது. அவர்கள் மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவார்கள். வயலில் நாற்று நட்டுவிட்டு, குளித்து, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்த மனுஷி சாப்பிடாமல் திரும்பிப் போவதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் பொறுக்காது.

இனி பணத்துக்கு வருவோம். இலைக்கு இவ்வளவு என்று உங்கள் சமையல் மாஸ்டர் சொன்ன விலையை எழுதவில்லை. கணக்குக்காக ரிசப்ஷன் இலை 180, காலை டிபன் 90, முகூர்த்தச் சாப்பாடு 170 என்று வைத்துக்கொள்கிறேன். ரிசப்ஷனுக்கு 800, டிபனுக்கு 400, மதியம் 600 பேர் என்றால் 1,44,000, 36,000, 1,02,000. மொத்தம் 2,82,000. கையில் மீதி 3,18,000.

மண்டப வாடகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. ஏ.சி. மண்டபம் 1,60,000 என்றால் வரியோடு 1,88,800. கரண்ட், ஜெனரேட்டர் டீசல், கிளீனிங், கேஸ், பாத்திர வாடகை எல்லாம் சேர்த்து ஏ.சி. ஓடும் மண்டபத்துக்கு 75,000 என்று போடுங்கள். மிஞ்சுவது 54,200. மேடை அலங்காரம், நாதஸ்வரம், போட்டோ, வேன், தாம்பூலப் பை எல்லாவற்றையும் அதற்குள் செய்ய வேண்டும். முடியாது. பழைய மண்டபம் வரியோடு 82,600, மற்ற செலவு 40,000 என்றால் மிஞ்சுவது 1,95,400. மூச்சு விடலாம். இவையெல்லாம் நான் போட்டுப் பார்த்த எண்கள். நீங்கள் உங்கள் எண்களை இதே வரிசையில் எழுதிப் பாருங்கள்.

வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். "போன முகூர்த்தத்தில் இதே மாதிரி ஒரு நாள் எடுத்தவர்களுக்கு மொத்தம் எவ்வளவு ஆச்சு, அந்த பில்லைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பெயரை மறைத்துக்கொண்டு காட்டினால் போதும். நான் அலுவலகத்தில் இருந்தபோது கேட்டவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். கேட்டவர்கள்தான் குறைவு.

மகளின் ஆசைக்கு வருகிறேன். தை கடைசியில் நம் பக்கம் இரவில் பனி இறங்கும். கூடத்துக்கு மின்விசிறியே போதும். அவளுக்கு ஏ.சி. தேவைப்படுவது பட்டும் நகையும் போட்டு இரண்டு மணி நேரம் அலங்காரத்துக்கு உட்காரும் அறையில். பழைய மண்டபத்தில் மணமகள் அறைக்கு ஏ.சி. உண்டா, கண்ணாடி பெரிதாக இருக்கிறதா, அறைக்குள்ளேயே பாத்ரூம் இருக்கிறதா என்று அவளையே கூட்டிப்போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த அறைக்கு மட்டும் ஒரு ஏ.சி. வாடகைக்கு வைத்துத் தரச் சொல்லலாம். மிச்சப் பணத்தில் மேடைக்குப் பூ அலங்காரத்தை அவள் விருப்பப்படி செய்யட்டும்.

அப்புறம் அந்த 800. அதை யார் எண்ணினார்கள்? பத்தில் ஒன்பது வீட்டில் அது குத்துமதிப்பு. ஒரு நோட்டு எடுங்கள். உங்கள் பிறந்த வீட்டு வழி, உங்கள் வீட்டுக்காரர் வழி, ஊர்க்காரர்கள், மகளின் நண்பர்கள், சம்பந்தி வீட்டார் என்று தனித்தனிப் பக்கம். ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக ரிசப்ஷனுக்கு எத்தனை பேர், காலைக்கு எத்தனை பேர் என்று எழுதுங்கள். சம்பந்தியிடம் எண்ணிக்கை கேட்பது மரியாதைக் குறைவு என்று பலர் தயங்குகிறார்கள். கேட்காமல் விட்டு, அவர்கள் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கும்போது சாதம் போதாமல் போனால்தான் மரியாதை போகும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒரு முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவு எட்டே கால் மணிக்கு அந்த மண்டபத்துக்குப் போய், அவர்களிடம் சொல்லிவிட்டு, சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் கால் மணி நேரம் நில்லுங்கள். கை கழுவும் இடத்தில் எத்தனை குழாய், தரை வழுக்குகிறதா, மாடிக்கு ஏற எத்தனை படி, முழங்கால் வலிக்காரர்களுக்கு லிஃப்ட் ஓடுகிறதா, சமையல்கட்டுக்கும் பந்திக்கும் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் காலியான மண்டபத்தில் தெரியாது.

நாங்கள் விவசாயக் குடும்பம். சம்பா அறுவடைப் பணத்தை நம்பித்தான் மகன் கல்யாணம். தையிலேயே வைக்கலாம் என்கிறார் ஜோசியர், வைகாசியிலும் தேதி கொடுத்திருக்கிறார். மண்டபக்காரர் தைக்கு இப்போதே முழு அட்வான்ஸ் கேட்கிறார்.
- ஒரு வாசகர், மன்னார்குடி

வைகாசி. யோசிக்கவே வேண்டாம்.

தையில் நம் ஊரில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் எல்லாம் வேண்டும். அறுப்பு மிஷின் வேண்டும், ஆள் வேண்டும், லாரி வேண்டும். அதே நாளில் மண்டபமும் மாஸ்டரும் வேண்டும் என்றால் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். நெல்லை அறுத்த மறுநாளே பணம் கைக்கு வருவதும் இல்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் காயவைத்துக் கொண்டுவரச் சொல்வார்கள். தை மாதப் பனியில் களத்தில் நெல் காய்வது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூட்டை எடை போட்டு, வங்கிக் கணக்கில் பணம் ஏற வேண்டும். அதற்குள் முகூர்த்தம் வந்துவிட்டால் இடையில் வட்டிக்கு வாங்க நேரும். கல்யாணக் கடன் என்று எங்கள் மண்டபத்துக்கு வந்த பணத்தில் நிறைய இப்படி இரண்டு மாத இடைவெளிக்காக வாங்கியதுதான்.

வைகாசிக்குள் சம்பா, தாளடி இரண்டும் வீடு வந்துவிடும். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து குறுவை வேலை ஆரம்பிப்பதற்குள் உறவுக்காரர்களுக்கும் ஓய்வு இருக்கும். வெயில் கடுமைதான். ஆகவே வைகாசி ரிசப்ஷனுக்கு ஏ.சி. கேட்பது நியாயம். அதற்கான பணத்தை வட்டியில் மிச்சப்படுத்தியிருப்பீர்கள்.

தேதி குறிக்கும்போது இன்னொன்றும் பாருங்கள். தேரோடும் வீதிகளில் இருக்கும் மண்டபம் என்றால் கோயில் திருவிழா நாட்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். திருவாரூரில் ஆழித்தேர் ஓடும் நாளில் அந்த வீதிகளுக்குள் சமையல் சாமான் வண்டி நுழையாது. கும்பகோணத்தில் 2028 மாசியில் மகாமகம் வருகிறது. 2016-க்குப் பிறகு 12 வருடம் கழித்து வருவது. அந்த மாதத்தில் அங்கே உறவினருக்கு ரூம் கிடைக்கும் என்று நினைத்துத் தேதி வைக்காதீர்கள்.

நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். பெண் வீடு தஞ்சாவூர், கல்யாணம் அவர்கள் செய்கிறார்கள். எங்கள் பக்கம் ரிசப்ஷனை சுவாமிமலையில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், 1,000 பேரைக் கூப்பிட வேண்டும், 25 வகை சாப்பாடு போட வேண்டும் என்கிறார் அப்பா. சென்னையில் அலுவலக நண்பர்களுக்குத் தனியாக ஒன்று வேறு. என் சேமிப்பு 3 லட்சம்தான். "மொய்யிலே வந்துடும், கவலைப்படாதே" என்கிறார். கடன் வாங்கத் தயக்கமாக இருக்கிறது.
- ஒரு வாசகர், சென்னை

தம்பி, மொய்யை வரவில் எழுதாதீர்கள். அது உங்களுக்குக் கிடைக்கும் பணம் அல்ல, திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். பேராவூரணி பக்கம் ஆடியிலும் ஆவணியிலும் மொய் விருந்து வைப்பவர்கள் நோட்டுப் போட்டு எழுதி, அதைத் தலைமுறைக்கும் காப்பாற்றுகிறார்கள். நம் பக்கம் அவ்வளவு கறாராக இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மொய் நோட்டு இருக்கிறது. உங்கள் அப்பா முப்பது வருடமாக மற்ற வீடுகளில் எழுதியது இப்போது திரும்பி வரலாம். அது அவருடைய பணம். அதைவிடக் கூடுதலாக வருவது உங்கள் தலையில் ஏறும் கணக்கு.

ஆனால் அப்பாவிடம் "குறைக்கலாம்" என்று பேச்சை ஆரம்பிக்காதீர்கள். முப்பது வருடமாக அவர் எத்தனையோ பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். ஒரு தடவை தன் வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துப் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதில் நியாயம் இருக்கிறது. அவரோடு உட்கார்ந்து, யார் யாரையெல்லாம் கூப்பிட வேண்டும் என்று பெயர் பெயராக அவரையே சொல்லச் சொல்லி நீங்கள் எழுதுங்கள். ஆயிரம் என்று வாயால் சொல்வது சுலபம். பெயராக எழுதும்போது அறுநூறில் அவரே நிறுத்துவதை நான் என் மேசைக்கு எதிரில் பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டில் அவரிடம் விட்டுக்கொடுக்காமல் பேசலாம். 25 வகை வைத்தால் இலையில் இடம் இருக்காது, சூடும் இருக்காது. பன்னீர் வறுவல், நூடுல்ஸ், மூன்று விதச் சோறு என்று வைத்தவை எல்லாம் இலையோடு மடிந்து குப்பைக்குப் போவதை எங்கள் மண்டபத்தின் பின்வாசலில் தினம் பார்த்தேன். எங்கள் அப்பா ரிசப்ஷனுக்குப் போட்ட பட்டியல் இது: திருவையாற்று முறையில் பாசிப்பருப்பு அசோகா, இட்லி, கும்பகோணம் கடப்பா, சுடச்சுட ஊத்தப்பம், ஒரு காய்கறிச் சாதம், தயிர்ச்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், வடை, ஊறுகாய், அப்பளம், வாழைப்பழம், கடைசியில் டிகிரி காபி. அசோகாவைக் கிளறி இறக்கும் நேரம் பந்தி உட்காரும் நேரமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வார். இரண்டாம் முறை கேட்காதவர் கிடையாது. சென்னை நண்பர்கள் ஹோட்டலில் கிடைக்காத கடப்பாவைத்தான் ஊர் போய்ச் சொல்வார்கள்.

சென்னை ரிசப்ஷன் வேண்டாம். அந்த நண்பர்களில் வர நினைப்பவர்கள் உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியற்காலை கும்பகோணத்தில் இறங்கிவிடலாம். இருபது பேருக்கு ஊரில் மூன்று ரூம் போடுவதும் ஒரு வேன் சொல்வதும் இன்னொரு மண்டபம் பிடிப்பதில் சிறு பங்குதான். வர முடியாதவர்களுக்கு அலுவலகத்தில் இனிப்பு கொடுங்கள், கொழுந்து வெற்றிலையோடு.

இன்னொரு வழியும் சொல்கிறேன். மாப்பிள்ளை வீட்டு ரிசப்ஷனுக்கு முகூர்த்த நாள் அவசியம் இல்லை என்று பல குடும்பங்கள் ஒத்துக்கொள்கிறார்கள். கல்யாணம் முடிந்த இரண்டாம் நாள் முகூர்த்தம் இல்லாத மாலை என்றால் மண்டபம் சும்மாதான் கிடக்கும். மதியம் இரண்டு மணியிலிருந்து இரவு பதினொன்று வரை அரை நாள் வாடகை பேசுங்கள். நான் தேதிப் புத்தகம் வைத்திருந்தபோது காலி நாளுக்குக் கேட்டு வந்தவரை விலை குறைக்காமல் திருப்பி அனுப்பியதே இல்லை.

கார்த்திகையில் மகள் ரிசப்ஷன். எங்கள் ஊரில் இருக்கும் சிறிய மண்டபத்தின் மொட்டை மாடியில் கீற்றுப் பந்தல் போட்டு அங்கே பந்தி வைத்துக்கொள்ளலாம் என்கிறார் உரிமையாளர். வாடகையும் குறைவு. வைக்கலாமா?
- ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

வேண்டாம் தங்கச்சி. இதில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். மணக்கோலத்தில் இருந்த மாப்பிள்ளையும் அதில் ஒருவர். அதே வருடம் ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் தீ பரவி 94 பிள்ளைகள் போனார்கள். அந்த வருடம் முழுக்க நான் மண்டபத்துக்குள் நுழையும்போதெல்லாம் முதலில் வெளியே போகும் வழியைத்தான் பார்த்தேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. உங்களுக்கும் அது வரட்டும்.

மாடியில் கீற்று, அதற்குக் கீழே வீடியோ விளக்கு, சூடான குழம்பு வாளிகள், ஏறி இறங்க ஒரே படிக்கட்டு. எதுவும் நடக்காமல் நூறு கல்யாணம் முடிந்திருக்கலாம். நடந்தால் ஓட இடம் இல்லை. எந்த மண்டபமானாலும் சாப்பாட்டுக் கூடத்துக்கு இரண்டு தனி வழி இருக்கிறதா, இரண்டாவது கதவின் முன்னால் நாற்காலி அடுக்கிப் பூட்டியிருக்கிறார்களா, தீயணைப்பான் சிலிண்டரில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். கூச்சப்படாமல் அந்தக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள்.

கார்த்திகை என்பதால் மழையும் சேர்கிறது. மாடிப் பந்தியில் சாரல் அடித்தால் இலையெல்லாம் பறக்கும். கீழேயே இரண்டு கூடமும் இருக்கும் மண்டபம் கிடைக்காவிட்டால், சமுதாயக் கூடமோ பள்ளி விடுமுறை நாளில் தகரக் கூரைக் கூடமோ கேட்டுப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் தண்ணீரையும் விசாரிக்க வேண்டும். கடலோரம் நெருங்க நெருங்க நிலத்தடி நீர் உப்பு. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, காபி திரியும். மண்டபத்தில் சமையலுக்கு எந்தத் தண்ணீர் என்று மாஸ்டரையே கூட்டிப்போய் ஒரு டம்ளர் குடிக்கச் சொல்லுங்கள். லாரித் தண்ணீர் வாங்க வேண்டும் என்றால் அதைச் செலவில் எழுதுங்கள்.

மண்டபத்துக்கு 40,000 அட்வான்ஸ் கொடுத்தோம். பெண்ணின் பாட்டி இறந்ததால் தேதியைத் தள்ளி வைத்தோம். பணத்தைத் தர மாட்டேன் என்கிறார்கள், வேறு தேதியும் தரவில்லை. ரசீதில் தொகையும் நாளும் மட்டும் இருக்கிறது.
- ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

துக்கம் நடந்த வீட்டிடம் இப்படிப் பேசுவது சரியல்ல. முதலில் உரிமையாளரை நேரில் பார்த்து, ஆறு மாதத்துக்குள் வேறு தேதிக்கு அந்த அட்வான்ஸை மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். உங்கள் பழைய தேதிக்கு வேறு யாராவது மண்டபத்தை எடுத்திருந்தால் அவருக்கு நஷ்டமே இல்லை. அன்றைக்கு அங்கே விசேஷம் நடந்ததா என்று விசாரித்துக்கொண்டு போங்கள். ஒத்துவராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனுக் கொடுக்கலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 கஜா புயலையும் 2020 மார்ச் ஊரடங்கையும் நான் தேதிப் புத்தகத்தோடு கடந்து வந்தவள். தேதி மாற்றினால் என்ன, ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், புயல் வெள்ளம் வந்தால் என்ன என்று ரசீதின் பின்பக்கம் இரண்டு வரி எழுதி வாங்கியிருந்தவர்களுக்கு அப்போது ஒரு பேச்சில் முடிந்தது. எழுதாதவர்கள் மாதக்கணக்கில் நடந்தார்கள். மண்டபம் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை உங்களுடையது, எத்தனை ரூம், ஜெனரேட்டர் எதற்கெல்லாம் ஓடும் என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.

ஜெனரேட்டர் என்று சொன்னதும் என் மகள் ரிசப்ஷன் நினைவுக்கு வருகிறது. வேறொரு ஊர் மண்டபம். எட்டரைக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் போட்டார்கள், மேடை மட்டும் ஜொலித்தது. பந்திக் கூடத்துக்கு அதில் இணைப்பே இல்லை. 200 பேர் செல்போன் வெளிச்சத்தில் சாப்பிட்டார்கள். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த நான் அந்த ஒன்றைக் கேட்க மறந்திருந்தேன். அன்றைக்கு என் சம்பந்தியம்மாள் ஒரு வார்த்தை சொல்லாமல் கையில் விளக்கோடு பந்தியைச் சுற்றி வந்தார். அதை நான் மறக்கமாட்டேன்.

ரிசப்ஷன் அன்று மண்டபக் கணக்கையும் சமையல் கணக்கையும் யார் பார்த்துக்கொள்வது? என் வீட்டுக்காரரே பார்க்கிறேன் என்கிறார்.
- ஒரு வாசகி, நன்னிலம்

பெண்ணின் அப்பா அன்றைக்கு வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட வேண்டும். அவர் கையில் சாவியும் பையும் இருந்தால் யார் வந்தார்கள் என்றே அவருக்குத் தெரியாது. தாய்மாமனுக்குச் சடங்கில் வேலை இருக்கும். சித்தப்பா முறையில் ஒருவர், நிதானமானவர், கணக்கு எழுதத் தெரிந்தவர் போதும்.

அவர் மண்டபத்துக்குள் நுழைந்ததும் கரண்ட் மீட்டரைப் பார்த்து யூனிட்டை எழுதி மேனேஜரின் கையெழுத்து வாங்கட்டும், காலி செய்யும்போதும் அப்படியே. ஜெனரேட்டர் டீசலையும் அளவுக் குச்சி விட்டுப் பார்க்கட்டும். பாத்திரங்களை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்கட்டும். இலைக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால் பந்தி ஆரம்பிக்கும் முன் இலைக்கட்டு எத்தனை, முடிந்தபின் மிச்சம் எத்தனை என்று மாஸ்டரோடு சேர்ந்து எண்ணட்டும். தனியாக எண்ணி அப்புறம் சண்டை போடுவதைவிட இது இருவருக்கும் மரியாதை. முதல் பந்தியில் தூரத்து ஊர்க்காரர்களையும் வயதானவர்களையும் உட்கார வைப்பது அவர் பொறுப்பு. கடைசி பஸ் நேரத்தை ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள்.

இன்னொரு பொறுப்பையும் அவரிடம் கொடுங்கள். எங்கள் அப்பா ஆயிரம் பேருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு நடுராத்திரி வீட்டுக்கு வந்து பழைய சோறு சாப்பிடுவார். "அங்கே சாப்பிடலையாப்பா" என்று கேட்டால், "பாத்திரம் ஒழிஞ்சுபோச்சும்மா" என்பார். பரிமாறுகிறவர்கள், பாத்திரம் தேய்க்கும் பெண்கள், இலை எடுப்பவர்கள், வாட்ச்மேன், வேன் டிரைவர் எல்லாரையும் சேர்த்து எண்ணினால் உங்கள் அளவு ரிசப்ஷனுக்கு இருபத்தைந்து பேராவது இருப்பார்கள். அந்த 25 இலையையும் சமையல் எண்ணிக்கையிலேயே சேர்த்து மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள், அசோகாவோடு.